ஏரிப்புல்லில் வந்த பங்கு

உங்களில் பாதிப் பேர் இப்போது மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் சொல்லப்போவதும் போனில் வந்த விஷயம்தான்.

என்னைப் பேச அழைத்த உங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்கள், நான் குணமாக்கிய மாடுகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதையெல்லாம் ஓய்வுபெற்ற அன்று விழா மேடையில் சொல்லியாகிவிட்டது. அதில் பாதி பொய். மாடு தானாகத்தான் குணமாகும். நாம் பக்கத்தில் நின்றுகொண்டிருப்போம். அதனால் நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கெடுத்தது மாட்டை அல்ல, ஒரு குடும்பத்தை. கால்நடை மருத்துவருக்கு அதெல்லாம் முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். ஒரு சொல் போதும்.

நான் தென்காசிக்காரி. வேலையின் கடைசிப் பதினோரு வருடம் திருத்தணிப் பக்கம் இருந்தேன். வந்த புதிதில் அந்த ஊர்த் தமிழே எனக்குப் பிடிபடவில்லை. ‘மாடு துன்னாம கீது’ என்றால் என்ன என்று உதவியாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் தறி, வாயில் இரண்டு மொழி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். ஆறு மாதத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

கே.ஜி.கண்டிகை தாண்டி ஒரு சின்ன ஊர். நாற்பது வீடு, ஒரு ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் உள்வாங்கும்போது கரையோரச் சேற்றில் புல் படர்ந்து வரும். கதிர் இரண்டு விரலை விரித்த மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஏரிப்புல் என்பார்கள், வேறு பேர் கிடையாது. மார்கழியில் அந்தப் புல்லை வீட்டுக்கு ஒரு துண்டு என்று கல் நட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பங்கு என்று பேர்.

அந்த வருடம் மதகுப் பக்கத்துப் பங்கு யாருக்கு என்று இரண்டு அண்ணன் தம்பிக்குள் தகராறு. அண்ணன் முனிரத்தினம், தம்பி செங்கல்வராயன். கடைசியில் தம்பிக்குப் போனது. அண்ணன் எல்லார் எதிரிலும், “அந்தப் புல்லத் துன்ற மாடு எப்படி உருப்படுதுன்னு நானும் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஊரில் டீக்கடை, பால் சொசைட்டி, ஆட்டோ என்று மூன்று இடத்தில் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மூன்று பேரும் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, செங்கல்வராயன் மனைவி ரமணம்மா எனக்குப் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் பிறந்த ஊர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம். இடுப்பில் அரிவாளும் காதில் போனுமாக இருக்கிற பெண். பேசினால் மூச்சு விட மாட்டாள்.

“டாக்டரம்மா, எங்க செவல மாடு ஆடிகினே கீது. நிக்கறப்போ நல்லா கீது, ஓட்டினா காலு பின்னி உயுந்துடுது. கொஞ்ச நேரத்துல அதுவே எழுந்துக்குது. ஏரிப்புல்லுல பங்கும்மா, பங்கு. அதான் எல்லாத்துக்கும் காரணம். சீக்கிரம் வாங்க.”

ஓடும் ஸ்கூட்டரில் கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன்.

போய்ப் பார்த்தால் சிவலை மாடு கொட்டகையில் நிற்கிறது. தலை மட்டும் மெல்ல நடுங்குகிறது. கழுத்திலும் தோளிலும் சதை துடிக்கிறது. அவிழ்த்து நாலு அடி நடக்கவிட்டேன். முன்னங்கால் விறைத்துத் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தது. செங்கல்வராயன் வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கிற மாடு. தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். அவன் கம்பெனி வேலையில் வருவது போதாது. வீடு ஓடுவது அந்த மடியில்.

ரமணம்மா என்னைப் பார்த்து, “நான் போன்ல சொன்னது கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்.”

“அதான?”

“அதாத்தான் இருக்கும்.”

“ஆங், நான் அப்பவே சொன்னேன்” என்று தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள். எவ்வளவு அழகாக ஒத்துப்போனோம் பாருங்கள்.

என் மண்டையில் அப்போது என்ன ஓடியது? பங்குத் தகராறு. சாபம் விட்ட அண்ணன். நடுங்குகிற மாடு. யாரோ தீனியில் பூச்சிமருந்து கலந்திருக்கிறார்கள். படம் முழுதாக வந்துவிட்டது. படம் முழுதாக வந்துவிட்டால் மாட்டை யார் பார்ப்பது? பூச்சிமருந்து என்றால் கண்மணி சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. வாயில் எச்சில் வடிய வேண்டும். வடியவில்லை. கீழே விழுந்த மாடு ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்று அசை போட ஆரம்பித்தது. பூச்சிமருந்து தின்ற மாடு நிதானமாக அசை போடும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அத்தனையையும் இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, பூச்சிமருந்துக்குப் போடுகிற ஊசியைப் போட்டேன். சாயங்காலம் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டது என்று போன் வந்தது. அது என் ஊசி செய்த வேலை. அதையும் விஷத்தின் தலையில் போட்டேன்.

ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது செங்கல்வராயன் தனியாக வந்து, “விஷந்தானே டாக்டரம்மா?” என்று கேட்டான்.

“அப்படித்தான் தெரியுது.”

“யாரு வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு வாய் நீளம், அது என் அம்மா காலத்திலிருந்தே ஊரறிந்த விஷயம். “அது உங்க குடும்ப விவகாரம்பா. ஆனா பங்குச் சண்டையை வாயில்லா ஜீவன் மேல காட்டறது பாவம்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வழியெல்லாம் நல்லதொரு நியாயம் பேசிய திருப்தி வேறு.

எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த ஒருவர் சொல்வார்: “மாட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அதோட வாய்க்கு முன்னாடி என்ன கிடக்குன்னு பாரு.” பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்று கொட்டகையில், மாட்டின் வாய்க்கு முன்னால் ஒரு கட்டு ஏரிப்புல் கிடந்தது. அதன் மேல் என் பையை வைத்திருந்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு வேறு ஊர்களில் தடுப்பூசி வேலை. சிவலை மாடு பரவாயில்லை என்று செங்கல்வராயன் சொல்லியனுப்பினான். விஷத்துக்குப் பயந்து வெளித்தீனியை நிறுத்திவிட்டு வெறும் வைக்கோல் மட்டும் போடுகிறானாம். என் ஊசிதான் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

வியாழக்கிழமை, கிருத்திகை. காலை எட்டு மணிக்கு மருந்தகத்தைத் திறக்கும்போதே போன். பேசியது முனிரத்தினத்தின் மனைவி.

“எங்க மாடும் ஆடுது. பக்கத்துல ரெண்டு வீட்லயும் ஆடுது. டாக்டரம்மா, உங்களத்தான் கேக்கறேன். எங்க மாட்டுக்கு நாங்களே விஷம் வச்சிக்கினோமா?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, வைத்துவிட்டாள்.

உதவியாளர் நிலைமையைச் சொன்னார். ஊரெல்லாம் ‘டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க’ என்று பேச்சாம். செவ்வாய்க்கிழமை அண்ணனும் தம்பியும் தெருவில் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் விலக்கிவிட்டு, கிருத்திகையன்று திருத்தணி மலைக்குப் போய் முனிரத்தினம் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

“பண்ணட்டுமே, குற்றமில்லாத மனுஷனுக்கு என்ன பயம்?” என்றேன்.

உதவியாளர் என்னைப் பாவம் என்கிற மாதிரி பார்த்தார். “மேடம், சாமி முன்னால ஒரு தபா கற்பூரம் அணைச்சிட்டா அதோட சரி. சத்தியம் பண்ணவனுக்கும் பண்ண வச்சவனுக்கும் தண்ணி புழக்கம் கெடையாது. நல்லது கெட்டது கெடையாது. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் பெரியப்பன் பந்தல்ல கால் வைக்க முடியாது. நாளைக்கு ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் வாய்க்கரிசி போடக்கூடாது. முனிரத்தினமே சொல்லிட்டாராம், ‘அணைக்கறேன், ஆனா அணைச்சா அணைச்சதுதான்’னு. ஏழு மணிக்கே கெளம்பிட்டாங்க.”

போனை எடுத்து ரமணம்மாவின் செய்தியை மறுபடி போட்டேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. என் மேல் தப்பில்லை என்று அதில் ஏதாவது இருக்காதா என்றுதான் தேடியிருப்பேன். ‘பங்கும்மா, பங்கு, அதான் எல்லாத்துக்கும் காரணம்.’

“கேளுங்க, அவளே சொல்றா பாருங்க, பங்குச் சண்டைதான் காரணம்னு” என்றேன்.

உதவியாளர் ஊசிக்குழாய் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தார். “திரும்பப் போடுங்க.” போட்டேன். “இன்னொரு தபா.” போட்டேன். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“மேடம், அது பங்கு இல்ல. பங்க. தெலுங்குல பங்கன்னா பிசின். கம்புக் கதிரு, சோளக் கதிருல தேன் மாதிரி ஒழுகுமே, அந்த நோவுக்கு அந்தப் பக்கம் பங்கன்னுதான் சொல்வாங்க. ஏரிப்புல்லு கதிர்ல பிசின் வந்துகீது, அதான் காரணம்னு சொல்றா.”

அந்தப் பெண் திங்கட்கிழமை காலையிலேயே நோயின் பெயரைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு மிச்சம் இருந்த வேலை குனிந்து பார்ப்பது மட்டும்தான்.

பாடம் ஒரு நிமிடம், பொறுத்துக்கொள்ளுங்கள். புல் பூக்கும்போது ஒரு பூஞ்சை பூவுக்குள் புகுந்துகொள்ளும். முதலில் தேன் மாதிரி ஒழுகும். ஈயும் எறும்பும் அதை மொய்த்து அடுத்த கதிருக்குக் கொண்டுபோகும். பிறகு விதை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஓர் உருண்டை உட்கார்ந்துகொள்ளும். நரம்பைப் பிடிக்கிற நச்சு அதற்குள் இருக்கிறது. இலையில் இல்லை, தண்டில் இல்லை, கதிரில்தான். கம்பில் வருகிற பூஞ்சை வேறு. அது பாலை வற்றடிக்கும். இந்தப் புல்லில் வருவது மாட்டை ஆட வைக்கும். மருந்து ஒன்றும் கிடையாது. அந்தப் புல்லை நிறுத்தி, மாட்டை விரட்டாமல், தண்ணீர்ப் பக்கம் விடாமல் நிழலில் கட்டிப்போட்டால் சில நாளில் தெளிந்துவிடும். செங்கல்வராயன் பயத்தில் செய்த வைத்தியம் அதுதான். நான் படித்துச் செய்ததுதான் வயிற்றை உப்ப வைத்தது.

நேராக ஏரிக்கு ஓட்டினேன். ரமணம்மா கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சேற்றில் இறங்கிக் கதிரைப் பிடித்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. சில கதிரில் பிசின், பல கதிரில் உருண்டை. குருடிகூடத் தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

“நான் பங்கன்னு சொன்னேன்” என்றாள் ரமணம்மா. “அதாத்தான்னு சொன்னீங்களே. நீங்க விஷம்னு சொன்னதா கேட்டப்போ புல்ல சொல்றீங்கன்னுதான நெனச்சேன். எங்க வூட்டாரு பாவா மேல பழி போடுவாருன்னு எனக்கு இன்னா தெரியும்? அவுருகிட்ட பங்க, பங்கன்னு கத்தறேன். ‘ஆமாடி, பங்குக்குத்தான் வச்சான்’னு அவுரு என்னையே அடிக்க வராரு.”

பாவா என்று அவள் சொன்னது கணவனின் அண்ணன் முனிரத்தினத்தை. ஒரே சொல்லை ஊரே தப்பாகக் கேட்டிருக்கிறது. ஆனால் ஊரைச் சொல்லக்கூடாது. ஊர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிக் கேட்டது.

கதிரோடு ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு திருத்தணிக்குப் பறந்தேன். கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டியை விடவில்லை, கோயில் பேருந்துக்கோ நீண்ட வரிசை. படியேறினேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, முட்டி இரண்டும் முப்பது வருடம் மாட்டுக் கொட்டகையில் மண்டியிட்டவை. காவடிக்காரர்கள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார்கள். நான் என் வாயைத் திட்டிக்கொண்டு ஏறினேன். முழங்கால் வரை சேறு, கையில் புல். பாதிப் படியில் ஓர் அம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்து, “இது அருகம்புல் இல்லீங்களே, புள்ளையாருக்கு ஆவாது” என்றாள். “தெரியும்மா, இது மாட்டுக்கே ஆகாது” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

மேலே கூட்டத்துக்கு ஒதுங்கிய ஓரத்தில் அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். தரையில் வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் குளித்து, ஈர வேட்டியோடு, சட்டையில்லாமல் நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர். தம்பி எதிரில் கையைக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். முனிரத்தினம் குனிந்து கையை நீட்டினார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று முரட்டுக் காளைகளுக்கு மட்டும்தான் அதுவரை தெரியும்.

மூச்சு வாங்க ஒரு நிமிடம் ஆனது. ‘புதுசா சில தகவல் கிடைச்சிருக்கு’, ‘மறுபடி ஆராய்ஞ்சு பார்த்ததுல’ என்று நாம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதெல்லாம் வாயில் தயாராக வந்து நின்றது. அந்த மனிதரின் நீட்டிய கையைப் பார்த்தேன். அந்தக் கைக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

“விஷம் யாரும் வைக்கல. புல்லுல நோய். அந்தப் பொண்ணு தெளிவாச் சொன்னா, எனக்குப் புரியல. புரியலன்னு திருப்பிக் கேக்கல. நான் பாட்டுக்குப் பங்குச் சண்டைன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது” என்றேன். புல்லை முனிரத்தினத்தின் கையில் கொடுத்தேன். அவர் கதிரைத் தடவினார். விரலை எடுத்துப் பார்த்தார். தம்பியிடம் நீட்டினார். தம்பியும் தொட்டுப் பார்த்தான்.

கற்பூரம் பாட்டுக்கு எரிந்து தானாகத் தீர்ந்தது.

முனிரத்தினம்தான் முதலில் பேசினார். “நீங்க தப்பா சொன்னீங்க, சரி. மாடு வாயத் தொறந்து சொல்லாது, டாக்டருங்க தப்பு பண்றதுதான். இவன் என் கூடப் பொறந்தவன். நான் தோள்ல தூக்கி வளத்தவன். நீங்க சொன்ன உடனே நம்பிட்டான் பாருங்க. அதுக்கு இன்னா ஊசி போடுவீங்க?”

என்னிடம் ஊசி இல்லை. மன்னிச்சிடுங்க என்றேன். முப்பத்து மூன்று வருட வேலையில் ஒரு மாட்டுக்காரரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவமானமாக இருந்தது. சொன்னதற்காக இல்லை, அதற்கு முன் சொல்லாததற்காக.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றார். “ஊர்ல நாப்பது வூடு கீது. நான் விஷம் வச்சவன்னு நாப்பது வூட்லயும் பேசியாச்சு. நீங்க வூடு வூடா வந்து சொல்லணும். தெருவுல நின்னு இல்ல, உள்ள வந்து உக்காந்து சொல்லணும்.”

“வரேன்.”

“இன்னிக்கே.”

“இன்னிக்கே வரேன்.”

மலைமேல் கோயில் பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் எல்லாரும் ஒன்றாக நடந்தோம். அண்ணனும் தம்பியும் நடுவில் என்னை விட்டுக்கொண்டு நடந்தார்கள். சினிமாவாக இருந்தால் தம்பி அண்ணன் காலில் விழுந்து ஓவென்று அழுதிருப்பான். செங்கல்வராயன் டீக்கடைக்குப் போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்று கொடுத்தான். ஒன்றை அண்ணன் உட்கார்ந்திருந்த கட்டையின் மேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தான். “ண்ணா, டீ” என்றான்.

முனிரத்தினம் டீயைப் பார்க்கவில்லை. கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து வந்து நிரம்பிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. யாரும் ஏறவில்லை. நான் என் டீயைக் குடித்து முடித்துவிட்டேன். செங்கல்வராயன் தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

பொறுக்க முடியாமல், “டீ ஆறிடும்” என்றேன். சொன்னேனே, எனக்கு வாய் நீளம்.

“ஆறட்டும்” என்றார் முனிரத்தினம்.

ஆறியது. மேலே ஏடு படிந்தது. வேட்டி காய்ந்துபோன பிறகு, அவர் டம்ளரை எடுத்து ஏட்டை விரலால் ஓரம் தள்ளிவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரைத் தம்பியின் கையில் கொடுத்தார்.

“சக்கர கம்மி” என்றார்.